நான் போட்ட மழை

படத்தில் மழையைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் வெயிலை எடுத்துவிட வேண்டும். சுவரில் விழுகிற கூர்மையான நிழல், ஜன்னல் கண்ணாடியின் மினுக்கம், வானத்து நீலம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும். மழைத் தாரை அதற்குப் பிறகுதான். தாரை எளிது. கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகளைத் தூவி, எல்லாவற்றையும் ஒரே சாய்வில் இழுத்து மங்கலாக்கினால் தாரை வந்துவிடும். கிட்டத்து மழைக்கு ஓர் அடுக்கு, எட்டத்து மழைக்கு இன்னொன்று. கஷ்டமானது தரை. தரை நனைந்திருக்கிறது என்று நம்ப வைத்துவிட்டால், தாரையே இல்லாவிட்டாலும் பார்ப்பவர் அதை மழை என்றுதான் சொல்வார்.

நான் பொய் சொன்னது தரையில்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கோவை சத்தி ரோட்டில், மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை ஒன்றின் மேலே, இரண்டாவது மாடியில் என் அலுவலகம் இருந்தது. கட்டிடக் கலை படித்து இருபது வருடம் பலகையில் படம் வரைந்தவன், நாற்பத்து மூன்று வயதில் கணினி கற்றுக்கொண்டேன். கட்டாத வீட்டைக் கட்டியதுபோல் காட்டும் வேலை ஊருக்குப் புதிது. வடக்கே ஊர் முடியும் இடத்தில் ஒருவர் வரிசை வீடுகள் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். மனை அளவெடுப்பு, வரைபடம், படம் எல்லாம் நான்தான் அவருக்கு.

ஒரு நாள் காலையில் படிக்கட்டில் இரும்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு படி. கதவருகே போய்ப் பார்த்தேன். முன்னால் கட்டுபவர். பின்னால் வெள்ளை வேட்டியில், என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு பெரியவர். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் இரும்புச் சட்டம் மாட்டிய ஓர் இளம்பெண், இன்னொரு கையில் ஊன்றுகோலுடன் ஏறி வந்தாள்.

"ஆபீசே இத்தனை ஒசரத்துல வெச்சிருக்கறவரு, ஊட்டை எங்க கொண்டுபோய் வெச்சிருப்பாரோ" என்று அவள் எனக்குக் கேட்கும்படியே தன் அப்பாவிடம் சொன்னாள்.

"கண்ணு, சும்மா இரு."

அவர் சோமனூர்க்காரர். கொஞ்சம் தோட்டம், நாலு விசைத்தறி. மகளுக்குக் கோவையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. தினமும் இரண்டு பஸ் மாறி வர அவளால் முடியவில்லை. பள்ளிக்குப் பக்கமாக அவளுக்கென்று ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசியாக, பாதி எழும்பி நின்ற பதினொன்றாம் எண் வீட்டைக் கட்டுபவர் காட்டியிருக்கிறார். முடிந்தபின் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

படத்தைக் காட்டினேன். நீல வானம், புல்தரை, வாசலில் வெயில்.

"ஏனுங்க, வெயில்ல எல்லா ஊடும் நல்லாத்தானுங்க இருக்கும். மழைல எப்படி இருக்குமுன்னு காட்டுவீங்களா?"

கட்டுபவர் சிரித்தார். "கோயமுத்தூர்ல மழை எங்கீங்க பேயுது?"

"பேயறப்பத்தானுங்க என்ற மக உழுந்துபோடறா."

"நான் உழுகறத ஊருக்கெல்லாம் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்குகிறது, தண்ணீர் தேங்கினால் குழி எது மேடு எது என்று தெரிவதில்லை என்று நிதானமாக எனக்கு விளக்கினார். "நான் இருக்கற வரைக்கும் தூக்கீட்டுப் போயிருவேனுங்க. அப்புறமேலுக்கு இவ தனியா இருக்கோணும். மழை பேஞ்சா வாசல்ல கால் வெக்க முடியுமான்னு எனக்குத் தெரியோணும். அவ்வளவுதானுங்க."

அதுவரை யாரும் என்னிடம் மழை கேட்டதில்லை. செய்துவிடலாம் என்ற ஆசைதான் முதலில் வந்தது. அந்த மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஒதுக்கிவைத்தேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். அந்த மனைகள் இருந்த இடம் முன்பு ஒரு பள்ளம். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடந்து, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். நான் அளவெடுக்கப் போவதற்கு முன்பே கட்டுபவர் மண்ணும் இடிபாடும் கொட்டி அதைத் தூர்த்திருந்தார். ஆனால் சாய்வு போகவில்லை. லெவல் கருவியை வைத்துப் பார்த்தபோது, மெயின் ரோட்டிலிருந்து பதினொன்றாம் எண் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தெரு ஒன்றரை அடி இறங்கியது. அத்தனை தண்ணீரும் அந்த வாசலுக்குத்தான் வரும். வீட்டின் பின்னால் பெரிய குழாய் பதித்துப் பழைய பள்ளத்தின் மறுபக்கத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "போட்டுப்போடலாமுங்க சார்" என்று சொல்லியிருந்தார். போடவில்லை.

ஐந்து நாள் அந்த மழையோடு கிடந்தேன். அலுவலக மொட்டைமாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத் தரையில் சுவர் எப்படித் தலைகீழாகத் தெரிகிறது என்று புகைப்படம் எடுத்தேன். கீழே கடைக்காரர் வெளியே வந்து, "சார், பம்பு விக்கற கடையில தண்ணி ஒழுகுதுன்னா ஒருத்தனும் உள்ள வரமாட்டானுங்க" என்று கத்தினார். நனைந்த செங்கல் எவ்வளவு கருக்கும், அதில் சாந்துக் கோடு எவ்வளவு வெளுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் அப்போது கற்றதுதான். மெயின் ரோட்டிலிருந்து அந்த வாசல் வரை தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பூச்சு இல்லாத செங்கல் மதில் வரும். வீடு, தெரு, மதில் எல்லாம் நான் எடுத்த அளவுகளைக் கொண்டு கணினி தானே கட்டிக்கொண்டவை. மழை மட்டும் என் கைவேலை. ஈரச் செங்கலை ஒவ்வொரு வரியும் தெரிகிற மாதிரி செய்ததில் எனக்குப் பெருமை அதிகம்.

அவர்கள் மறுபடி வந்தார்கள். கட்டுபவரும் வந்து என் மேஜையோரம் நின்றுகொண்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு, அச்செடுத்த படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த மழைங்க?"

"மழைன்னா மழைதானுங்க" என்றார் கட்டுபவர்.

"மேக்கால மழையா, கெழக்கால மழையா? மேக்கால மழைன்னா காத்தோட சாரலாத்தான் வரும். இத்தனை கனமா உழுகாது. இது ஐப்பசி மழையாட்டத்தான் இருக்குது. அப்படீன்னா கெழக்க இருந்துல்ல சாயோணும்? அப்புறம் இந்தத் தென்னை ஓலையைப் பாருங்க. மழை இக்கட்ட சாயுது, ஓலை அக்கட்ட சாயுது. ஒரே ஊட்டுக்கு ரெண்டு காத்துங்களா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சூடாகியது. நான் மழையைத் தரையிலிருந்து படித்திருந்தேன். அவர் வானத்திலிருந்து படித்திருந்தார். ஒரு தாளை எடுத்து அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன்.

"இது வாசலுங்களா, கண்ணாடிங்களா?" என்று மகள் படத்தில் பாதையைத் தொட்டாள். "நான் இந்தப் படத்துக்குள்ள நடக்க மாட்டேன்."

பாதைக்குச் சொரசொரப்பான கல் போடுவோம், அது இப்படி மினுங்காது, வழுக்காது என்றேன். அது உண்மை. அந்த ஓர் உண்மையைச் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

பெரியவர் இன்னும் படத்தை விடவில்லை.

"தண்ணி எங்கீங்க போகுது?"

என் படத்தில் தண்ணீர் எங்கும் போகவில்லை. தெருவெல்லாம் ஒரே சீராகப் படிந்து கிடந்தது. எந்தப் பக்கமும் ஓடவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருந்தேன். அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ரோட்டுக்குத்தானுங்க போகும்" என்றார் கட்டுபவர். "சார், அதையும் போட்டுக் காட்டிப்போடுங்க."

படிக்கட்டில் இரும்புச் சத்தம் இறங்கி முடியும்வரை காத்திருந்து, அவரிடம் சொன்னேன்.

"தண்ணி ரோட்டுக்குப் போகாதுங்க. ரோட்டிலிருந்து அந்த வாசலுக்குத்தான் வரும். உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

"பைப்பு போட்டா?"

"போட்டா வராது. போட்டிருக்கீங்களா?"

"இன்னைக்குப் படம், நாளைக்குப் பைப்புங்க சார். ஊடு முடியறதுக்குள்ள போடறேன். முடிஞ்சப்புறம் எப்படி இருக்குமுன்னு காட்டறதுதானுங்களே உங்க வேலை?"

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. கூலிக்காகச் செய்தேன் என்று சொன்னால் மன்னிப்பது எளிதாக இருக்கும். அது முழு உண்மையல்ல. மழையை அரைகுறையாக விட எனக்கு மனமில்லை. அந்த மனிதர் அடுத்த முறை வாய் திறக்க முடியாதபடி ஒரு மழையைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

கிழக்கிலிருந்து தாரையைச் சாய்த்தேன். ஓலையைத் திருப்பினேன். பாதையின் மினுக்கத்தைக் குறைத்தேன். பிறகு தண்ணீரை ஓடவிட்டேன். ஓடும் தண்ணீரில் பிம்பம் உடைந்து நெளியும். ஓரத்தில் நுரை ஒதுங்கும். வாசலுக்கு நேரே நுரையை மெல்லியதாகத் தொடங்கி, மெயின் ரோட்டுப் பக்கம் போகப் போகத் தடித்து முடித்தேன். அது போதாதென்று, காம்பு பின்னே இழுபட நுனி ரோட்டைப் பார்த்து மிதந்து போகும் ஒரு வேப்பிலையையும் வைத்தேன். அந்த இலைக்கு மட்டும் அரை நாள் ஆயிற்று.

இரண்டாம் முறை படத்தைப் பார்த்தபோது பெரியவர் மழையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. விரலை இலையின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இப்படித்தான் போகுமுங்களா?"

மகள் படத்தைப் பார்க்கவில்லை. தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுபவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

படத்தை அவர் சுருட்டி எடுத்துப் போனார். எங்கள் பக்கம் நிலமோ கல்யாணமோ முடிவு செய்வதற்கு முன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று முன்பே நினைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அவர் போனில் சொன்னார்: "படத்தை அம்மன் காலடியில வெச்சுத்தானுங்க கேட்டேன். நெனச்ச மாதிரியே வெள்ளை வந்துபோச்சு."

போனை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அவர் சாமியிடம் அந்த மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. என் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

ஆவணியில் மகளை அங்கே குடிவைத்துவிட்டு, அவர் தறியைப் பார்க்கச் சோமனூர் திரும்பினார். பாதைக்கு நான் சொன்ன கல்லைத்தான் கட்டுபவர் போட்டிருந்தார். குழாய் போடவில்லை. நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் சரி என்றார். ஐப்பசி வந்தது. ஒவ்வொரு நாளும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் கூடினால் வேலையை விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போவேன். கலைந்தால் காப்பி குடிப்பேன்.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் அந்த வரிசையிலிருந்து ஒருவர் போன் செய்து சொன்னார். பள்ளி விடுமுறை என்பதால் அவள் வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். மத்தியானம் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜை மேல் எப்படியோ ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் வரும்வரை நாலைந்து மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறாள்.

நான் போனபோது பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேறு வழித்துக்கொண்டிருந்தார். சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு கறைக்கோடு. அதற்கும் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு, என் படம்.

"வாங்க சார்" என்றாள் மகள் கட்டிலில் இருந்தபடி. "நடந்து பாருங்க, வழுக்குதான்னு."

"அம்மணி" என்று அவர் அடக்கினார். நாற்காலி ஒன்றைத் தன் துண்டாலேயே துடைத்து எனக்குப் போட்டார். நான் உட்கார்ந்த பிறகு, எதிரில் நின்றபடியே பேசினார்.

"ஒன்னு கேக்கோணுமுங்க. தப்பா நெனச்சுக்கப்படாது. தண்ணி இப்படி வருமுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா? தெரியுமுன்னாச் சொல்லிப்போடுங்க. சண்டைக்கு வரமாட்டேன். எடமே இப்படித்தான்னா, இன்னைக்கே இவளைக் கூட்டீட்டுப் போயிருவேன். என்னைக்கோ ஒரு நாள் வர்ற வெள்ளமுன்னா, இருக்கட்டும். வேலை போயிரக் கூடாது பாருங்க."

இதைவிடச் சுலபமாக ஒரு மனிதனுக்கு வழி விட முடியாது. ஒரு வார்த்தை போதும். அவருடைய கையில் சேறு காய்ந்துகொண்டிருந்தது. அவள் மேஜை மேல் இருந்தபோது எதைப் பிடித்துக்கொண்டாளோ, உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. நான் இரண்டையும் பார்த்தேன்.

"தெரியாதுங்க" என்றேன். "இந்த மாதிரி மழை எப்பவாச்சும்தான் பெய்யும்."

"அப்பச் செரீங்க" என்றார். உள்ளே போய்த் தம்ளரை இரண்டு முறை கழுவி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன்.

அதன் பிறகு அந்தக் கட்டுபவருக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டேன். அதை மனசாட்சி என்று எண்ணிக்கொண்டேன். சோமனூருக்கு நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஒரு வருடம் முழுக்க நேரம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

அடுத்த ஐப்பசியில் அவள் காத்திருக்கவில்லை. தண்ணீர் வாசலுக்கு வந்ததுமே, மேஜை மேல் ஏற இனி முடியாது என்று, மெயின் ரோட்டுக்கு நடந்துவிடப் பார்த்திருக்கிறாள். முழங்கால் தண்ணீர் எதிரே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பாதி வழியில் ஊன்றுகோல் ஒரு குழியில் இறங்க, விழுந்துவிட்டாள். முறிந்தது நல்ல கால். தொடை எலும்பு. மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தாள். பிறகு நிற்கவே இல்லை. பள்ளி வேலை போயிற்று. வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அவர் மகளைச் சோமனூருக்கே கூட்டிப் போய்விட்டார். இதெல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.

அவர் இறந்துவிட்டதாகப் பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறிச் சோமனூர் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். முன்னறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலி. தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் எதிரில் நின்றேன்.

"எனக்குத் தெரியும் அம்மணி" என்றேன். "படம் போடறதுக்கு முன்னாலயே தெரியும். உங்க அப்பா கேட்டப்பவும் தெரியும்."

"எனக்கும் தெரியுமுங்க" என்றாள்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் என் மழை மாட்டியிருந்தது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி அப்படியேதான் இருந்தது.

"படுத்துக் கெடந்தப்ப எதுக்க இதுதான் இருந்துச்சு. பொழுது போகோணுமில்லீங்க? செங்கல் எண்ணுனேன்." அவள் விரல் நீட்டிக் காட்டினாள். "மதிலோட மேல்பக்கம் ஒரே மட்டம். ரோட்டுக்கிட்ட எட்டு வரி செங்கல். எங்க ஊட்டு வாசக்கிட்ட பதிமூணு. அப்ப, தரை ரோட்டுல இருந்து வாசலுக்குத்தானுங்க எறங்குது? அந்த எலை மட்டும் மேட்டுக்குப் போயிட்டிருக்குது."

நான் அந்த மதிலை அப்படிப் பார்த்ததே இல்லை. உண்மையான அளவுகள் முழுக்க அந்தப் படத்தில் இருந்திருக்கின்றன. அவற்றை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஈரம் பூசி, வரி வரியாகத் தெரியும்படி நானே எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

"அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. கடைசி வரைக்கும் நம்ம நேரமுன்னு சொல்லீட்டே இருந்தாரு. கையிலயே வெச்சிருந்து எண்ணிப் பாக்காம உட்டுட்டமேன்னு தெரிஞ்சா, அவரு தாங்கமாட்டாரு." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "உங்களுக்காகச் சொல்லாம இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லை அம்மணி."

படத்தைக் கழற்றி எடுத்துப் போய்விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கிட்டப் போங்க. நீங்க ஒருக்கா எண்ணுங்க."

போனேன். கண்ணாடி மேல் விரலை வைத்து, மெயின் ரோட்டுப் பக்கம் தொடங்கினேன்.

"கேக்கறாப்பல எண்ணுங்க" என்றாள் பின்னாலிருந்து.

எட்டு வரை எண்ணினேன். விரலை மதிலோடு நகர்த்தி வாசலுக்கு வந்தேன். அங்கே மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுப் பதின்மூன்று வரை எண்ணி முடித்தேன்.